பேனர் வேண்டுமா?

ஆவுடையம்மாள் அந்தக் கேள்வியை வாய்விட்டுப் படித்திருக்கக் கூடாது. தன்பாட்டுக்கு ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தால், தென்காசி மாவட்டத்தில் இருபதாயிரம் பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஒரு பெரிய மனிதரின் குடும்பமும் இருந்தபடியே இருந்திருக்கும்.

ஆனால் பெரிய மனிதர் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். மாவட்ட மெய்த்தாள் அலுவலர், முனைவர் கா. செண்பகராமன். அந்த ‘முனைவர்’ இல்லாமல் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். காது கேட்காததுபோல் ஜன்னல் பக்கம் பார்ப்பார். டவாலி மூக்காண்டி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்படி ஆறு முறை கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் அவருக்குச் செவிட்டு மெஷின் வாங்கித் தரலாம் என்று யோசனை சொன்னவன்.

“இந்தக் கணினியில் ஓடுவது யுனிக்ஸ் என்கிறாயே அம்மா, அது என்ன புதுக் கண்டுபிடிப்பா?” என்றார் முனைவர். மேடையில் இல்லாதபோதும் அவர் மேடைத் தமிழில்தான் பேசுவார்.

“புதுசு இல்ல சார். கிட்டத்தட்ட தொண்ணூறு வருசத்துப் பழசு.”

“அரசின் ஆகப் பெரிய திட்டத்துக்குத் தொண்ணூறு வருடப் பழையதா?”

“அதான் சார் விசயமே. இப்ப உள்ள சாஃப்ட்வேர் எல்லாம் மெஷினே எழுதுனது. உள்ள என்ன இருக்குன்னு எழுதுன மெஷினுக்கே தெரியாது. இது மனுசன் எழுதுனது. ஒரு ஆளு உக்காந்து மொத்தத்தையும் வாசிச்சிரலாம். நான் வாசிச்சிருக்கேன். இதுக்குள்ள பொய் ஒளிஞ்சுக்கிட இடம் கிடையாது.”

2058ஆம் வருடம் அது. அதற்குப் பத்து வருடம் முன்பே திரையில் தெரிகிற எதையும் யாரும் நம்புவதை விட்டுவிட்டார்கள். செத்துப்போனவர்கள் வீடியோவில் வந்து உயில் மாற்றினார்கள். பிறக்காத குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு ஓடியது. கடைசியில் சட்டம் ஒன்று வந்தது. மாவட்டத்துக்கு ஒரே ஒரு பிரிண்டர். அதற்கென்றே நெய்த, எண் போட்ட மெய்த்தாள், நாளொன்றுக்கு முந்நூறு. அதன் இழையைப் போலி செய்ய முடியாது. அந்தத் தாளில் அந்தப் பிரிண்டர் அடித்தது எதுவோ அதுதான் உண்மை. மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

அந்தப் பிரிண்டரை அலுவலகத்தின் கணினிகளோடு இணைத்து வைக்கத்தான் ஆவுடையம்மாள் வந்திருந்தாள். வேலை பெரிதில்லை. பிரிண்டருக்கு நெட்வொர்க்கில் ஒரு முகவரி, அச்சு வரிசைக்கு ஒரு பெயர், யார் அனுப்பலாம் என்ற விவரம், அவ்வளவுதான். திரை ஒவ்வொன்றாகக் கேட்கும். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். நடுவில் அந்தக் கேள்வி வந்தது. காலையிலிருந்து தனியாகப் படித்த பழக்கத்தில் உரக்கப் படித்துவிட்டாள்.

“பேனர் வேண்டுமா? எப்போதும், அல்லது வேண்டாம்.”

முனைவர் நிமிர்ந்தார். பேனர் என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. தென்காசிக்குள் எந்தப் பக்கமிருந்து நுழைந்தாலும் அவர் ஃபிளெக்ஸில் கைகூப்பி நின்று வரவேற்பார். குற்றாலம் சாலையில் நிற்பதில் அவருக்கு மூன்று கைகள். அச்சடித்தவன் பிழை.

“இதென்ன கேள்வி? பேனர் இல்லாமல் ஒரு அரசுத் திட்டமா? எப்போதும் என்று போடு.”

“சார், இது அந்தப் பேனர் இல்ல. அந்தக் காலத்துல ஒரே பிரிண்டர்ல பத்துப் பேர் அடிப்பாங்க. யாரோட தாளு எதுன்னு குழம்பிரக் கூடாதுன்னு ஒவ்வொருத்தர் தாளுக்கும் முன்னால ஒரு தனித் தாளு வரும். அதுல அனுப்புனவர் பேரு பெருசா, கீழ ஒரு தலைப்பு. நமக்குத் தேவையில்ல.”

“யார் பெயர் பெரிதாக வரும் என்றாய்?”

“அனுப்புறவர் பேரு சார்.”

“இங்கே அனுப்பும் அதிகாரம் யாருக்கு?”

“உங்களுக்கு மட்டும்தான் சார்.”

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ‘எப்போதும்’ என்ற சொல்லை முனைவர் தம் விரலாலேயே தட்டினார். அந்த அமைப்பைப் பிறகு யாரும் மாற்றாதபடி தம் சாவியைப் போட்டுப் பூட்டியும் வைத்தார். திறப்பு விழாவில் நாற்பது நிமிடம் பேசினார். “வரிசையின் முன் யாவரும் சமம்! இந்த வரிசையில் ஓர் எண்ணை மாற்றினாலும் உண்மை செத்துவிடும்!” என்று முடித்தபோது மூக்காண்டிதான் முதலில் கைதட்டினான். பேச்சு முடிந்துவிட்ட சந்தோஷம்.

அன்றிலிருந்து ஒருவருக்கு இரண்டு தாள். முதல் தாளில் பெட்டி பெட்டியான எழுத்தில் முனைவரின் பெயர், கீழே மனு எண். இரண்டாவது தாளில் கேட்டு வந்தவரின் சான்று. முந்நூறு பேருக்கு ஆகவேண்டியது நூற்றைம்பது பேருக்கு ஆயிற்று. மெய்த்தாளைக் கிழித்துப் போடச் சட்டத்தில் இடமில்லையாதலால் பேனர்த் தாள்களை எல்லாம் பீரோவில் அடுக்கினார்கள். எட்டு மாதத்தில் ஒன்பது பீரோக்கள் நிறைந்தன. ஒன்பதிலும் ஒரே பெயர். வாசலில் வரிசை வேப்பமரத்தைத் தாண்டி, தபால் நிலையத்தைத் தாண்டிப் போனது. திருமணச் சான்று கேட்டு நின்ற ஒரு பெண் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் சேர்த்து மனுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆவுடையம்மாள் இரண்டு முறை எழுத்தில் முறையிட்டாள். ‘பேனரை நீக்க வேண்டுகிறேன்’ என்ற அவள் கடிதம் நகராட்சிக்கு அனுப்பப்பட்டு, அவர்கள் வந்து எதிர்வீட்டுக்காரரின் காதுகுத்து விழா பேனரைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

*

ரஹ்மத் பீவியின் முறை வந்தது ஒரு வியாழக்கிழமை. கடையநல்லூர்க்காரி. முகம் ஊதி, கணுக்கால் தடித்து, இரண்டு சிறுநீரகமும் போய் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸில் இருப்பவள். தம்பி காஜா மைதீன் ஒன்று தருகிறேன் என்று ஷார்ஜாவிலிருந்து வந்திருந்தான். ரத்தம் பொருந்திவிட்டது. டாக்டர் தயார். ஆனால் இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள் என்று மெய்த்தாள் வேண்டும். அது அன்று மாலை ஆறு மணிக்குள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுபடி இடம் கிடைக்க ஏழு மாதம். ஏழு மாதம் தாங்காது என்று டாக்டர் அவளிடம் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு அவள் நூற்றைம்பதாவது ஆள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்திருந்தார். முனைவர் அவருக்குச் சால்வை போர்த்தி, வெற்று மெய்த்தாள் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நினைவுப் பரிசாகக் கொடுத்து, அவரோடு குற்றாலத்தில் ஒரு பாராட்டு விழாவுக்குப் போய்விட்டார்.

மணி மூன்று. நூற்று நாற்பத்தொன்பது பேர் போயாயிற்று. தட்டில் ஒரே ஒரு தாள்.

“ஒண்ணு இருக்குல்லா? எங்களுக்கு ஒண்ணுதான வேணும்?” என்றான் காஜா மைதீன்.

“முதல்ல பேனர் வரும் தம்பி. இருக்கிற தாள்ல சார் பேரு வந்துரும். ஒங்க தாளு நாளைக்குப் பத்து மணிக்குத்தான்” என்றாள் ஆவுடையம்மாள். சொல்லும்போதே அவள் தலை குனிந்தது.

“எங்க லாத்தா சாகப் போவுது, அவரு பேரு எதுக்கு மேடம்?” அக்காளைக் காட்டிக் கேட்டான் காஜா மைதீன்.

“சத்தம் போடாதல. அவங்க என்ன செய்வாங்க?” என்றாள் ரஹ்மத் பீவி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நிற்கிற தெம்பு தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

ஆவுடையம்மாள் முனைவருக்குப் போன் போட்டாள். பின்னால் நாதஸ்வரமும் மைக் டெஸ்டிங்கும் கேட்டன.

“சார், ஒரே ஒரு தடவை அந்தப் பேனர எடுத்துக்கிடட்டுமா? ஒங்க சாவி நம்பர் மட்டும் சொன்னா போதும்...”

“எந்தப் பேனரை?” என்று குரல் உயர்ந்தது. “இப்போதுதான் மேடைக்கு வந்திருக்கிறேன், அதற்குள்ளா? என் பேனரில் எவன் கை வைத்தாலும் போலீஸில் சொல்வேன்! வாசலில் இரண்டு ஆளை நிறுத்து!” போன் அணைந்தது. அதன்பின் அணைந்தேதான் கிடந்தது.

“அவரு குற்றாலத்துல உள்ளத நினைச்சுட்டாரு மேடம்” என்றான் மூக்காண்டி. “நீங்க எந்தப் பேனருன்னு சொல்லியிருக்கணும்.”

பூட்டை உடைத்து உள்ளே போக ஆவுடையம்மாளுக்கு வழி தெரியும். இயந்திரத்துக்கே தலைமைப் பயனர் அவள்தான். ஆனால் ஒருமுறை உடைத்துவிட்டால் அந்த நொடியும் குறிப்பேட்டில் விழும். அன்றைக்குப் போன நூற்று நாற்பத்தொன்பது பேரின் தாளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதில் ஒருவர் பரோலில் வரும் மகனை அழைத்துவரப் போனவர். ஒருத்தி வேறு யாரோ எழுதி வாங்கிக்கொண்ட தன் வீட்டுக்குள் திரும்பப் போனவள். விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. இறங்கவில்லை.

மனுப் படிவத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர், ஊர், சான்றின் வகை, தலைப்பு. தலைப்பு என்ற கட்டத்தை இந்த எட்டு மாதத்தில் ஒருவரும் நிரப்பியதில்லை. நிரப்பாவிட்டால் மனு எண் விழும். பேனரில் பெயருக்குக் கீழே வருவது அந்தத் தலைப்புத்தான். தலைப்பை எழுதும் உரிமை மனுதாரருக்கு. அதை முனைவர் பூட்டவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

“அந்தத் தாளுல இந்தப் பிரிண்டர் அடிக்கது எல்லாமே மெய்தானே, மூக்காண்டி?”

“சட்டம் அப்படித்தான் மேடம் சொல்லுது. ஒன்பது பீரோ மெய் வச்சிருக்கோமே.”

“யம்மா, இந்தக் கட்டத்துல நீங்க எழுதணும். நான் எழுதக் கூடாது. ரெண்டு பேரு பேரையும் போட்டு, உடன்பிறந்தவர்கள்னு எழுதுங்க. சின்னதா இருக்கணும். பெட்டி எழுத்துல நீட்டமா வராது.”

ரஹ்மத் பீவி படிவத்தை மடியில் வைத்து எழுதினாள். சான்றில் என்ன இருக்கப் போகிறதோ, விசாரித்து முனைவர் ஏற்கெனவே கையெழுத்திட்டது எதுவோ, அதையேதான் எழுதினாள். அவர் கையெழுத்திட்ட மனுவை அவர் பெயரிலேயே ஆவுடையம்மாள் அனுப்பினாள். பிரிண்டர் கனைத்தது. கடைசித் தாள் மெல்ல வெளியே வந்தது.

முனைவர் கா. செண்பகராமன்
ரஹ்மத் பீவி
காஜா மைதீன்
உடன்பிறந்தவர்கள்

மூக்காண்டி அதை ஒருதரம் படித்தான். இன்னொரு தரம் படித்தான். “மேடம்...” என்று ஆரம்பித்தான். அதற்குள் காஜா மைதீன் தாளைச் சட்டைக்குள் வைத்து, அக்காளைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிவிட்டான். ஐந்தரைக்கு ஆவுடையம்மாளின் போன் அடித்தது. “தாள ஆஸ்பத்திரி மெஷின்ல வச்சதும் பச்சை விளக்கு எரிஞ்சிட்டு மேடம். லாத்தாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

*

பதினோராம் நாள் முனைவர் ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“படி!”

ஆஸ்பத்திரிக் கடிதம். ரஹ்மத் பீவிக்கு அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்ததாம். மூத்த உடன்பிறந்தவர் என்ற முறையில் அவருக்கு வாழ்த்தாம். தம்பியின் சிறுநீரகம் ஒத்துவராமற்போனால் அடுத்த கொடையாளராக அவர் பெயர் பதிவாகியிருப்பதால், வருகிற புதன்கிழமை வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டுமாம்.

ஆவுடையம்மாளுக்கு மூக்காண்டி அன்று சொல்ல வந்தது இப்போது விளங்கியது. ஆஸ்பத்திரி இயந்திரத்துக்கு முனைவர் யார், மனுதாரர் யார் என்று என்ன தெரியும்? மூன்று பெயர், கீழே ஒரு உறவு. மேலே இருப்பவர் மூத்தவர். அது படித்துக்கொண்டது. பிரிண்டர் பொய் சொல்லாது என்று அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்வதும் பொய் சொல்லாமல் இருப்பதும் ஒன்று இல்லை என்று இத்தனை வருடம் தோன்றாமல் போயிற்றே.

“தப்பு என்னோடது சார். இப்படி வாசிக்கும்னு நான் யோசிக்கல. எழுதித் தாரேன்.”

“நீ எழுதித் தந்து என்ன? நான் மெய்யாகவே அண்ணனாகிவிட்டேனே! ரேஷன் அட்டையில் ஏறிவிட்டது! என் மனைவி, உங்கள் அப்பா கடையநல்லூருக்கு எப்போது போனார் என்று கேட்கிறாள்!”

“உறவு நீக்கல் சான்று வாங்கணும் சார்.”

“உடனே அடி!”

“வரிசை இருக்கு சார். இன்னிக்கு மனுப் போட்டா, இருபதாயிரத்து எழுநூறாவது ஆளு. வேலை நாள் மட்டும் நூத்தி முப்பத்தெட்டு.”

“நான் மாவட்ட அலுவலர்!”

“ஒரு எண்ண மாத்தினாலும் உண்மை செத்துரும்னு நீங்கதான் சார் சொன்னிய” என்றான் மூக்காண்டி பவ்யமாக. “நான்தான் மொதல்ல கைதட்டினேன்.”

முனைவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வேப்பமரம் வரைக்கும், அதற்கு அப்பாலும் தலைகள். இவ்வளவு நாளும் அந்த ஜன்னலைப் பார்த்தவர்தான். வரிசையைப் பார்த்தது அன்றுதான் என்று ஆவுடையம்மாளுக்குத் தோன்றியது. “இதைச் சுருக்க வழியே இல்லையா?” என்றார்.

அவள் அந்தப் பழைய திரையைத் திறந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். பேனர் வேண்டுமா? முனைவர் தம் சாவி எண்ணைப் போட்டார். ‘வேண்டாம்’ என்று தட்ட அவருக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. பெரிய சொல் ஒன்றுமில்லை.

மறுநாள் முந்நூறு பேர் தாளோடு வீட்டுக்குப் போனார்கள். வரிசை தபால் நிலையத்துக்கு இந்தப் பக்கம் வந்தது.

*

புதன்கிழமை அவர் ரத்தப் பரிசோதனைக்குப் போனாரா என்பது யாருக்கும் தெரியாது. மூக்காண்டி மட்டும், அன்று சார் பதினோரு மணிவரை காபி குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தான். மாதம் ஒன்று கழித்து ரஹ்மத் பீவி முகக் கவசத்தோடு அலுவலகம் வந்தாள். மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ். அவள் முனைவரின் அறையில் என்ன பேசினாள் என்பதும் தெரியாது. கதவு சாத்தும்போது, “அண்ணே, தாளுல வந்துட்டு, நாம என்ன செய்ய? நீங்க வந்து நின்னாலே போதும்” என்றது மட்டும் வெளியே கேட்டது.

கல்யாணத்தன்று ஆவுடையம்மாளும் மூக்காண்டியும் கடையநல்லூர் மண்டபத்து வாசலில் இறங்கினார்கள். இறங்கியதும் நின்றுவிட்டார்கள். பதினைந்தடிக்கு ஃபிளெக்ஸ். அதில் கைகூப்பியபடி, எல்லாப் பட்டங்களோடும், மணமகளின் தாய்மாமா முனைவர் கா. செண்பகராமன். கை இரண்டுதான்.

“இந்தப் பேனருக்கு ஒருத்தரும் வரிசையில நிக்க வேண்டாம் மேடம். அந்த வகைக்கு லாபம்” என்றான் மூக்காண்டி.

முனைவர் முன்வரிசையில் மூத்தவர்களோடு உட்கார்ந்திருந்தார். மைக் அவருக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதன் பக்கம் போகவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோக்காரன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

“பொண்ணுக்கு மாமா எங்கப்பா? மாமா!”

ஆவுடையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. முனைவர் ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, “இதோ வாரேன்” என்று படியேறினார்.

கடிதம் வந்த அன்றே அவர் போட்டுவைத்த உறவு நீக்கல் மனுவின் முறை அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை வர வேண்டும். அன்று காலை பத்து மணிக்கு வரிசையைத் திறந்தபோது அந்த எண்ணைக் காணோம். ஆவுடையம்மாள் குறிப்பேட்டைப் பார்த்தாள். மனுவை ரத்து செய்தவர்: மனுதாரரே. நாள்: கல்யாணத்துக்கு மறுநாள். காரணம் என்ற இடத்தில், எதற்கும் நான்கு பக்கம் எழுதுகிறவர், ஒன்றுமே எழுதவில்லை.

வெளியே, வேப்பமரத்தடியில் நின்ற ஒருவர் ஓர் இடம் முன்னால் நகர்ந்தார்.